புகை அடங்கிய கரிச்சட்டி

என் அன்பு மாப்பிள்ளை அருளப்பா,

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவுக்குள் நச்சு வாயுவில் சுருண்டு கிடந்த சசிகலாவும் அவளுடைய கைக்குழந்தையும் நலம். நேற்று கிளினிக்கில் இருவரையும் பரிசோதித்த டாக்டர் சொன்னது இது. பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது.

என்ன வாயு என்று நீ கேட்பாய், அதையும் சொல்கிறேன். காபனோரொட்சைட்டு. ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை காட்டியது; தாளில் கார்பன் மொனொக்சைட் என்று இருந்தது. அவர்களை அந்தக் காம்பராவிலிருந்து வெளியே கொண்டுவந்தது உன் மகள் ரீத்தா.

நீ போய்ச் சேர்ந்தபோது அவள் இன்னும் பயிற்சியில் இருந்தாள். இப்போது அந்தப் பள்ளத்தாக்கின் மருத்துவச்சி. வெள்ளை உடுப்பும் குடையும் தோள்பையுமாக லயம் லயமாக ஏறி இறங்குகிறாள். ரசாயனம் படித்து உன்னைப் போல வாத்தியாராக வருவாள் என்று நீ எதிர்பார்த்தாய். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் அவளோடு பேசாமல் இருந்தாயே, நினைவிருக்கிறதா? என் தங்கச்சி செசிலி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி வேல பாத்தேன்" என்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். ரீத்தா சொன்னதையும், சசிகலாவின் மாமியார் தெய்வானை சொன்னதையும், அடுத்த காம்பராக்காரர்கள் சொன்னதையும் தனித்தனியாகக் கேட்ட பிறகே எழுதுகிறேன். மூன்றும் ஒத்துப்போகின்றன.

ஆடி மாதத்து மழை. அந்த மழையை உனக்கு விளக்க வேண்டியதில்லை. சுவரில் நீர் ஊறும், கம்பளி காயாது, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்று ஊளையிடும். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்த மருமகளைத் தெய்வானை கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். கூரை இடுக்குகளில் உரச்சாக்கைத் திணித்தாள். ஜன்னலை ஆணி அடித்து மூடினாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை, அந்த மிலாற்றைப் பின்கட்டு அடுப்பில் எரித்து, கனிந்த கரியைப் பழைய இரும்புச் சட்டியில் அள்ளி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளை பெற்ற காம்பராவில் கரிச்சட்டி வைப்பது நம் தோட்டங்களில் என்றைக்கும் உள்ளதுதானே. மிலாற்றுக் கரி லேசில் அணையாது என்பதும் உனக்குத் தெரியும்.

சசிகலாவுக்குத் தலைவலி வந்தது. பிறகு வாந்தி. பிறகு பேச்சு குழறியது. தெய்வானைக்கு அது என்னவென்று சந்தேகமே வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. ஜன்னிக்கு மருந்து சூடு. ஆகவே கதவிடுக்கில் ஒரு சாக்கைச் செருகினாள், இரண்டாவது கரிச்சட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். மருமகள் இன்னும் மோசமாக ஆக, மூன்றாவது சட்டிக்கு அடுப்பில் மிலாறு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ரீத்தா வழக்கமான வீட்டுப் பார்வைக்கு அந்த வாசலில் ஏறினாள்.

எது கொல்கிறதோ அதையே மருந்தென்று கூட்டிக்கொண்டு போவது. இத்தனை வருடம் செய்தி எழுதியிருக்கிறேன், இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

ரீத்தா சசிகலாவின் நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் இல்லை. பிள்ளையைத் தூக்கினாள், அது துணிபோலத் துவண்டது. அவளுக்கே நெற்றியில் ஏதோ இறுக்குவது போல இருந்ததாம். காய்ச்சல் இல்லாத ஜன்னி ஏது என்று அவள் மனதுக்குள் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் திறந்தது. பிள்ளையைத் தெய்வானை கையில் கொடுத்து வெளியே போகச் சொன்னாள். சசிகலாவைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டுவந்து வெளித்திண்ணை இஸ்தோப்பில், சாரல் அடிக்கிற இடத்திலேயே கிடத்தினாள்.

லயமே கூடிவிட்டது. பச்சை உடம்புக்காரியை மழையில் போட்டுவிட்டாள் என்று ஒருத்தி. மிஸ்ஸிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று இன்னொருத்தி. நர்ஸ் என்றாலும் மருத்துவச்சி என்றாலும் அவர்களுக்கு மிஸ்ஸிதானே. தெய்வானை பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மறுபடி உள்ளே கொண்டுபோகப் பார்த்தாள். ரீத்தா நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள். தான் போனில் அழைத்த அம்புலன்ஸ் வரும்வரை அந்த வாசலை விட்டு அவள் அசையவில்லை. வண்டியில் இருவருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில், காரணம் கரிச்சட்டி என்று தெரிந்ததும் தெய்வானை ரீத்தாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள். இதை உனக்கு எழுதலாமா என்று நான் நெடுநேரம் யோசித்தேன். மறைத்தால் நீ என்னை மன்னிக்கமாட்டாய்.

"நான் என்ன பாவம் செஞ்சேன் மிஸ்ஸி? உங்க அப்பா, அந்த சார், சொன்ன மாதிரி பொக அடங்குற வரைக்கும் வெளிய வச்சித்தானே உள்ள எடுத்தாந்தேன்."

உனக்கு ஞாபகம் இருக்கும். நுவரெலியாவில் மரக்கறிக் களஞ்சியம் ஒன்றின் காவற்காரர் கரி நெருப்போடு கதவைச் சாத்திப் படுத்து எழும்பாமலே போன செய்தியை நான் எழுதினேன். ஹற்றனில் என் அறைக்கு வந்து ஒவ்வொரு விவரமாகக் கேட்டாய். ஜன்னல் திறந்திருந்ததா, கரி எவ்வளவு, அறை எவ்வளவு பெரியது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தோட்டம் தோட்டமாகக் கிளம்பினாய். கையில் சோக்குக்கட்டி, ஒரு மெழுகுதிரி, ஒரு டம்ளர்.

நானும் இரண்டொரு முறை கூட வந்தேன். எரிகிற மெழுகுதிரிக்கு மேல் குளிர்ந்த டம்ளரைக் கவிழ்த்துப் பிடிப்பாய். உட்புறம் பனி படரும். விரலால் வழித்துக் காட்டுவாய்: நெருப்பு பெற்ற தண்ணீர். மகனீசிய நாடாவைக் கொளுத்துவாய். கண் கூசும் வெளிச்சம் போனதும் வெள்ளைத் தூள் மிஞ்சும். நாடாவைவிடத் தூளின் எடை கூட என்பாய், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்பாய். பள்ளிக்கூடத்தில் கந்தகத்தைக் கொளுத்தி வகுப்பையே இருமிக்கொண்டு வெளியே ஓடவைத்த கதையை அதிபரின் குரலிலேயே சொல்லிக் காட்டுவாய். கடைசியில் கரிக்கு வருவாய். ஒரே கரிதான், காற்று தாராளமாகக் கிடைத்தால் காபனீரொட்சைட்டு, காற்று பற்றாவிட்டால் காபனோரொட்சைட்டு. பலகையில் இரண்டு சமன்பாடு எழுதுவாய். பெண்கள் தலையை ஆட்டுவார்கள்.

சாம்பல் புதனன்று பாதரோடு நீ பிடித்த வம்பை வட்டவளைக் கோயிலில் இன்றைக்கும் பேசுகிறார்கள். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை அவர் உன் நெற்றியில் பூச வந்தபோது, "பாதர், எரிஞ்சது இது இல்லீங்க. எரியாம மிஞ்சினதுதான் இது. எரிஞ்சதெல்லாம் கூரைக்கு மேல போயிருச்சு" என்றாய். "அப்ப உன் நெத்தியில காத்தையா பூசுறது?" என்று அவர் கேட்டார். வரிசையே சிரித்தது. உன் அடக்கத்தன்று அதே பாதர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு அதை ஞாபகப்படுத்தினார்.

எரிந்ததில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதைத்தானே நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய்? ஆனால் நெருப்பு என்றால் பெண்களுக்குத் தெரிந்தது புகையும் சாம்பலும். சார் கெட்டது என்றால் புகையைத்தான் சொல்கிறார். ஆகவே முன்னைவிடக் கவனமாகப் புகை அடங்கும்வரை காத்திருந்து சட்டியை உள்ளே எடுத்தார்கள். கவனக் குறைவால் வந்ததில்லை, மாப்பிள்ளை. கவனத்தால் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து சசிகலா திரும்புவதற்குள் லயத்தில் வேறொரு நெருப்பு பற்றிக்கொண்டது. மருமகளைத் தெய்வானை வேண்டுமென்றே மூச்சடைக்க வைத்தாள் என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேசத் தொடங்கினார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அவள் தலை தெரிந்தால் பேச்சு நின்றது. தெய்வானை யார் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பதில் அந்த மலையையே ஆண்டவள். வேலை வாங்குகிற எந்தக் கண்டாக்குக்கும் குனியாதவள். இப்போது பென்சன்காரி. அவள் வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். ரீத்தா போனால் கதவு திறக்காது.

ரீத்தா நினைத்திருந்தால் அதோடு விட்டிருக்கலாம். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் பாராட்டினார்கள். ஆனால் தெய்வானை மேல் பழி நின்றால் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் கரிச்சட்டியை வைப்பார்கள் என்று என்னிடம் சொன்னாள். "கெட்ட மாமியார் வீட்டுல நடந்துச்சு, நம்ம வீட்டுல நடக்காதுன்னு நெனப்பாங்க மாமா" என்றாள். அந்த இடத்தில் நான் என் பேனாவை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். உன் மூக்கு, செசிலியின் கண்.

ஒரு ஞாயிறு மத்தியானம் லயத்துப் பெண்களை எல்லாம் தெய்வானையின் இஸ்தோப்புக்கே வரச்சொன்னாள். நானும் செசிலியும் கூடப் போனோம். தெய்வானை உள்ளே இருந்தாள், கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. ரீத்தா பலகை கொண்டுவரவில்லை, மெழுகுதிரி கொண்டுவரவில்லை. செசிலி கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பங்கிட்டாள். பிறகு எழுந்து நின்று பேசினாள். இதை நான் எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொண்டேன்.

"இவங்க எதையும் கொறையா செய்யல. சொன்னத அப்புடியே செஞ்சாங்க. எங்க அப்பா சொன்னதுல பாதிதான் உங்ககிட்ட வந்து சேந்துச்சு. அது அவரு கொற. மீதிய நான் சொல்லணும்."

கதவிடுக்கில் தெய்வானையின் சேலைத் தலைப்பு தெரிந்தது.

உனக்கு வலிக்கிறதா, மாப்பிள்ளை? எனக்கு முதலில் சுருக்கென்றது. செத்த மனிதனைத் தோட்டத்துப் பெண்கள் முன்னால் குறை சொல்கிறாளே என்று. செசிலியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்: உங்க மாப்பிள்ளை இருந்திருந்தா எந்திரிச்சி நின்னு கை தட்டியிருப்பாரு. யோசித்தேன், சரிதான். உன் வகுப்பில் உன் கணக்குப் பிழையைக் கண்டுபிடித்த பிள்ளைக்குத்தானே நீ உன் சொந்தப் பேனாவைக் கொடுத்தாய்?

பிறகு ரீத்தா கேள்வி கேட்டாள். கரிச்சட்டி எதற்கு என்று. இது உனக்குத் தோன்றாத கேள்வி, எனக்கும் தோன்றவில்லை. பதில்கள் கொட்டின. குளிருக்கு. பிள்ளையின் ஈரத்துணி காய. ஈரச்சுவருக்கு. ஜன்னி பயத்துக்கு. சட்டி வைக்காவிட்டால் மாமியார் கஞ்சம் என்று மருமகள் வீட்டார் பேசுவார்கள், அதற்கு. கடைசிக் காரணத்துக்குக் கதவுக்குப் பின்னாலிருந்தே ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொன்னாள். போத்தலில் சுடுநீர் அடைத்து இறுக மூடி, தடித்த துவாயில் சுற்றிப் படுக்கையைச் சூடாக்கலாம், பிள்ளையைக் கிடத்துமுன் எடுத்துவிட வேண்டும். பிள்ளையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கம்பளி போர்த்தினால் அதைவிடச் சூடு வேறில்லை. ஈரத்துணி பின்கட்டில் காயட்டும். ஜன்னலில் கை நுழையும் அளவுக்குத் திறப்பு வேண்டும். காய்ச்சல் கண்டால் சூடு வைக்கக் கூடாது, தன்னைக் கூப்பிட வேண்டும்.

அப்போதுதான் கதவு முழுதாகத் திறந்தது. தெய்வானை வெளியே வந்தாள். "ஒங்க அப்பா பொக வேணாமுன்னாரு. நீங்க நெருப்பே வேணாங்கிறீங்க. அடுத்து ஒங்க மக வந்து அடுப்பே வேணாமுன்னு சொல்லுவா போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், ரீத்தாவும். சிரித்துவிட்டு, அடுப்பு பின்கட்டிலேயே இருக்கட்டும், அங்கே கூரையில் ஓட்டை இருக்கிறது, காம்பராவின் ஓட்டைகளைத்தான் நீங்கள் சாக்கால் அடைத்துவிட்டீர்களே என்றாள்.

தெய்வானை விடவில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது என்றாள். ரீத்தா அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். அடுப்பில் கரி கனிந்துகொண்டிருந்தது. அதன் மேல் சின்னச் சின்ன நீல நாக்குகள் ஆடின. அந்த நீலம்தான் அந்த வாயு, எரிந்து தீர்கிறபோது தெரிகிறது என்றாள் ரீத்தா. நாம் நீலமும் அடங்கி, சிவந்த கரியாகட்டும் என்று காத்திருந்து உள்ளே கொண்டுபோகிறோம். அதற்குப் பிறகு அந்த வாயு எரிவதில்லை. அப்படியே வெளியே வந்து காம்பராவில் நிற்கிறது என்றாள்.

தெய்வானை நெடுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுசு முழுக்க அந்த நீலத்தைப் பார்த்தவள். பிறகு உள்ளே போய் ஜன்னலில் அடித்த ஆணியைப் பிடுங்கினாள்.

இவ்வளவுதான் மாப்பிள்ளை. இதற்கு மேல் நீயும் நானும் பெருமைப்பட வேறென்ன வேண்டும்? பலகையும் சோக்கும் எடுத்துக்கொண்டு நீ ஏறிய அதே மலையில், வெறுங்கையோடு போய் அவள் வென்றிருக்கிறாள். அவள் மருத்துவச்சியானதற்குக் கோபித்துக்கொண்ட மனிதன் நீ என்பதையும் இந்த இடத்தில் குறித்து வைக்கிறேன். செசிலி வைக்கச் சொன்னாள்.

ஆனால் தொழில் பழக்கம், தெரியாததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த வாயு சில வாரம் கழித்துக்கூட ஞாபகத்தையும் நடையையும் தொடக்கூடும் என்று டாக்டர் சொன்னார். அதனால் சசிகலாவை அடுத்த மாதக் கடைசியில் மறுபடி வரச்சொல்லியிருக்கிறார். அன்றுதான் முழுதாகத் தெரியும். லயத்துக் காம்பராக்களுக்குக் காற்றுத் துளை வைத்துத் தருவதாகத் தோட்டத்து அலுவலகம் ரீத்தாவிடம் வாயால் சொல்லியிருக்கிறது. வருட முடிவுக்குள் என்றார்கள். எழுத்தில் இன்னும் வரவில்லை.

பெரிய கேள்வி இன்னொன்று. வட்டவளையில் கட்டிக்கொடுத்த தெய்வானையின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். மார்கழியில் பிள்ளை. மார்கழிக் குளிரில், சொந்த மகள், முதல் பேரப்பிள்ளை. கரிச்சட்டி வைப்பாளா என்று நானே தெய்வானையிடம் கேட்டேன். ஜன்னலைத் திறந்தவள்தான், ஆனாலும் பிடிகொடுக்கவில்லை.

"அப்ப பாத்துக்கலாம் பேப்பர்கார ஐயா. குளிருதா இல்லையான்னு எம்மகதான் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது."

ஆகவே, வென்றாள் என்று மேலே நான் எழுதியதை நீ பாதியாக எடுத்துக்கொள். மீதி மார்கழியில். அந்த மகள் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காம்பராவுக்கு வரும் நாளில் ரீத்தா அங்கே இருப்பாள், அது அவள் வேலை. அன்றைக்குத் தெய்வானை அடுப்பைப் பார்த்துத் திரும்பினாலும் சரி, சுடுநீர்ப் போத்தலோடு வந்தாலும் சரி, உன் மகள் அந்த வாசலில் இனித் தனியாக நிற்கமாட்டாள். செசிலி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நிற்போம். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
செசிலியின் அண்ணன், ரீத்தாவின் தாய்மாமன்,
என்றும் உன் மச்சான்.